யாளிக்குச் சப்பை எலும்பு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மொபைல் கேம்களுக்குக் கற்பனை மிருகங்கள் வரைந்து கொடுப்பது என் வேலை. மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து, சிறகு வைத்த யாளி ஒன்றைச் செய்தேன். செதில், ரோமம், வாயில் ஒழுகும் எச்சில்வரை எல்லாம் இருக்கிறது. பார்த்தவர்களோ, ‘நல்லாருக்கு, ஆனா உயிர் இல்ல’ என்கிறார்கள். படத்தை இணைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப்பை விட்டு ஸீபிரஷ் கற்றுக்கொண்டால் சரியாகுமா? செதிலுக்கு நல்ல பிரஷ் எது? இல்லாத மிருகத்துக்கு உடற்கூறு எதற்கு என்றும் சில நேரம் தோன்றுகிறது.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

சாஃப்ட்வேர் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. போன மாதம் ஸ்ரீவைகுண்டம் கோயிலுக்குப் போய்வந்ததிலிருந்து மண்டைக்குள் யாளியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். (1986-இல் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு இன்றைக்கும் அது நெல்லைச் சீமைதான்.)

ஸீபிரஷ் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி. இந்த யாளி அதிலும் இப்படித்தான் வரும். செதில் விஷயம் ஒரு வரியில்: தலையிலிருந்து வால்வரை ஒரே முத்திரையைக் குத்தியிருக்கிறீர்கள், மடங்குகிற இடத்தில் செதில் பொடியாக வேண்டும். எச்சில் அருமை.

இப்போது சிறகுக்கு வருவோம். முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு, முதுகில் சிறகு இரண்டு. அந்தச் சிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தம்பி? அந்த இடத்தில் கொத்தாக ரோமத்தைப் போட்டு மூடிவிட்டீர்கள். தெரியாமல் மூடவில்லை, தெரிந்தேதான் மூடியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அப்பா என் கையில் ஓலைப்பெட்டியைக் கொடுத்துக் கறிக்கடைக்கு விரட்டுவார். கடைக்கார பாய், தொங்குகிற ஆட்டின் முன்னங்காலை இடது கையால் வெளியே இழுப்பார். அக்குளில் கத்தியை வைத்து மேலே ஒரு இழுப்பு. எலும்பில் கத்தி படும் சத்தமே இருக்காது. தோளில் தட்டையாக இருக்கிற சப்பை எலும்போடு முழுக்கால் அவர் கைக்கு வந்துவிடும். பின்னந்தொடை அப்படி வராது. கிண்ணத்துக்குள் குண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிற மூட்டைத் தேடி, கத்தி முனையை நுழைத்துத் திருக வேண்டும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“முன்னங்காலுக்கு எலும்புப் பிடிமானமே கெடையாதுல. வெறும் சதைதாம் புடிச்சிட்டு நிக்கி.”

தோளை நெஞ்செலும்போடு இணைக்கிற காறையெலும்பு ஆட்டுக்குக் கிடையாது என்று பல வருடம் கழித்துத்தான் புத்தகத்தில் படித்தேன். முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சுக்கூடு சதையாலான தூளியில் கிடக்கிறது. ஆடு நடக்கும்போது தோலுக்கு அடியில் சப்பை எலும்பின் மேல்விளிம்பு ஏறி இறங்குவது அதனால்தான். பூனை பதுங்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். இடையில் ஒரு வாரப் பத்திரிகைக்குக் குதிரை வரைந்து அனுப்பி, ‘நாற்காலிக்கு வால் வைத்திருக்கிறீர்கள்’ என்ற குறிப்போடு திரும்பி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கும் எனக்குக் கறிக்கடை ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

சிறகு என்பது பறவையின் கை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா தண்ணீரில் இறங்குவதைப் பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் எங்கெங்கே மடங்குகின்றன என்று கரையில் நின்றே எண்ணலாம். அதை அடிக்கிற சதை முதுகில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. சிறகை மேலே தூக்குகிற சதைகூட நெஞ்சில்தான். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதுபோல அதன் தசைநார் தோள் வழியாக வளைந்து போய்ச் சிறகை இழுக்கிறது. கோழியின் நெஞ்செலும்பு நடுவில் ஏன் அப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது? இவ்வளவு சதையும் அதில் ஒட்ட வேண்டுமே! உங்கள் யாளிக்கோ சவலைப்பிள்ளை நெஞ்சு.

முன்னங்காலின் சப்பைக்குப் பின்னால் சிறகுக்கென்று இன்னொரு சப்பை வையுங்கள். அதற்கு இடம்விட்டு உடம்பை நீட்டுங்கள், நெஞ்சைக் கீழே இறக்குங்கள். மனசு வராவிட்டால் முன்னங்காலை எடுத்துவிடுங்கள். ரோமம் எல்லாம் அப்புறம்.

இல்லாத மிருகத்துக்கு உடற்கூறு எதற்கு என்றீர்கள். மாட்டைக் கொஞ்சம் தப்பாக வரைந்தால், பார்க்கிறவன் தன் மனசில் இருக்கிற மாட்டை வைத்துச் சரிசெய்துகொள்வான். யாளியை எதை வைத்துச் சரிசெய்வான்? ஸ்ரீவைகுண்டத்தில் திருவேங்கடமுடையான் மண்டபத்து யாளிகளுக்கு முன்னால் அரைநாள் நின்றேன். செதுக்கியவர் சிங்கத்தைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். தெருநாயையும் உழவு மாட்டையும் நிச்சயம் பார்த்திருப்பார். பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று அந்தக் கல்லிலேயே தெரிகிறது.

மூன்று வாரம் உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடுங்கள். காலை ஆறு மணிக்கு, கூட்டம் சேருமுன் கறிக்கடைக்குப் போங்கள். நோட்டை எடுத்து வரைய ஆரம்பிக்காதீர்கள், விரட்டிவிடுவார்கள். அரைக்கிலோ சப்பைக்கறி கேளுங்கள். வெட்டும்போது தராசைப் பார்க்காமல், கடைக்காரரின் இடது கையையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.