பயிற்சியாளர் திட்டினால்தான் பிள்ளை முன்னேறுமா?

கேள்வி: பதினோரு வயது மகள் நீச்சல் போட்டிகளுக்குத் தயாராகிறாள். பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறார், எடையைச் சொல்லிக் கேலி செய்கிறார். "கடுமை இல்லாமல் யார் மேலே வந்தார்கள்?" என்கிறார் என் கணவர். பொறுத்துப் போகலாமா?

வேண்டாம். பிள்ளையின் மனம் நோகிறது என்று உங்கள் கணவரிடம் சொன்னால், "எல்லாம் பழகிவிடும்" என்பார். அவர் காதில் விழக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது: திட்டுக்குப் பயந்த பிள்ளை வலியை வெளியே சொல்லாது.

நான் பள்ளிப் பருவம் முழுவதும் பட்டாம்பூச்சி நீச்சலில் போட்டியிட்டவள். தோள் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் எங்கள் பயிற்சியாளர், "வீட்டுக்குப் போய் பொம்மை வைத்து விளையாடு" என்பார். சொன்னவள் அன்று முழுக்கக் கரையில் உட்கார வேண்டும்; மற்றவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும். முகம் சுளிக்காமல் இருக்க எல்லோரும் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். (தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது இந்த விளையாட்டின் ஒரு வசதி.) கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போன பிறகுதான் என் வீட்டில் விஷயம் தெரிந்தது. எப்போதிலிருந்து வலி என்று மருத்துவர் கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும்?

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. சுற்றியுள்ள தசைநார்களைவிடப் பலவீனமானது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது பாதிக்கப்படலாம். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஓய்வே போதும். சொல்ல முடியாத பிள்ளைதான் அந்த வலியோடேயே தொடர்ந்து நீந்துகிறது. எடைக் கேலி இதைவிட மோசம். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம்; கூடவே எலும்பின் அடர்த்தி குறையும். பதின்ம வயதில் சேர வேண்டிய எலும்பு வலு அப்போது சேராவிட்டால் பிறகு ஈடுகட்டுவது கடினம். இதையும் அவள் தானாகச் சொல்லப்போவதில்லை.

உங்கள் கணவர் அநேகமாக டென்னிஸ் வீராங்கனைகளான வில்லியம்ஸ் சகோதரிகளின் தந்தையை உதாரணம் காட்டுவார். எல்லா அப்பாக்களும் காட்டுகிறார்கள். மகள்களுக்குப் பத்து, பதினொன்று வயதாக இருந்தபோது, படிப்பு கெடக்கூடாது, அவசரமும் வேண்டாம் என்று ஜூனியர் போட்டிகளிலிருந்தே இருவரையும் விலக்கிக்கொண்டவர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இன்னொரு டென்னிஸ் வீராங்கனை மேரி பியர்ஸின் தந்தை அரங்கிலேயே கத்திக் கலாட்டா செய்பவர். மகளிர் டென்னிஸ் சங்கம் 1993இல் அவரைப் போட்டிகளுக்கு வரவிடாமல் தடை செய்தது. மகள் ஆஸ்திரேலிய ஓபனை வென்றது 1995இல்.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். ஊக்கமருந்துச் சர்ச்சைக்கு நடுவே ஆடி, பலமுறை தடுமாறி விழுந்து வெளியே வந்த 15 வயது ரஷ்யப் பனிச்சறுக்கு நடன வீராங்கனை கமிலா வலியேவாவிடம், ஏன் போராடுவதை விட்டாய் என்று கேமரா முன்னிலையிலேயே கேட்டார் பயிற்சியாளர். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவரே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஆண்டு, பனிச்சறுக்கு நடனத்தில் மூத்தோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆக உயர்த்த முடிவெடுத்தார்கள். அதே பெய்ஜிங்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பிடித்த நாடு நார்வே. அங்கே 11 வயதாகும் ஆண்டு வரும்வரை சிறுவர் போட்டிகளில் தரவரிசைப் பட்டியலே கிடையாது. 13க்கு முன் தேசிய சாம்பியன்ஷிப்பும் இல்லை.

இதையெல்லாம் வைத்துக் கண்டிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாமதமாக வந்தவளைத் திருப்பி அனுப்புவது, குளத்தின் முனையில் திரும்புவது சரியாக வரும்வரை மறுபடி செய்யச் சொல்வது எல்லாம் பயிற்சியாளரின் வேலை. பிள்ளையின் உடம்பைப் பற்றி நக்கலடிப்பது அவர் வேலையல்ல.

நீங்கள் செய்யக்கூடியது: பயிற்சியாளரைத் தனியாகச் சந்தித்து, எடையைப் பற்றிய பேச்சு இனி ஒரு வார்த்தைகூட இருக்கக்கூடாது என்று சொல்லுங்கள். மகளிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும், "இன்று எங்கே வலித்தது?" என்று கேளுங்கள். ஒரு நாள் அவளையே பயிற்சியாளரிடம் வலியைச் சொல்லச் சொல்லிவிட்டு, ஓரமாக நின்று அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஓய்வு கொடுத்தாலோ, எங்கே என்று தொட்டுக் கேட்டாலோ பேசித் திருத்த வாய்ப்பு இருக்கிறது. கேலி செய்தால், அல்லது பெற்றோர் பயிற்சியைப் பார்க்கவே கூடாது என்றால், அன்றே வேறு குளம் தேடுங்கள்.

கணவரிடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரையைக் காட்டுங்கள்: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, ஆண்டில் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு, ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவது 15, 16 வயதுக்குப் பிறகு. உங்கள் மகளுக்கு இன்னும் நாலைந்து ஆண்டுகள் இருக்கின்றன.