முத்திரைக்கு முன் அடியைப் பாருங்கள்: பிரிட்டிஷ் கலைச்சாடிகள் பற்றி வாசகர் கேள்விகள்

பிரிட்டனின் ஸ்டூடியோ பாட்டரி (கலைஞர்கள் சிறு பட்டறைகளில் கையால் செய்யும் மட்பாண்டங்கள்), அலங்காரச் சாடிகள் ஆகியவற்றைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இம்மாதம் விடையளிக்கிறோம்.

கார் பூட் சேலில் (காரின் பின்பெட்டியில் வைத்து விற்கும் பழம்பொருள் சந்தையில்) 12 பவுண்டுக்கு ஒரு சிறிய பழுப்புச் சாடி வாங்கினேன். கீழ் ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் எஸ், ஐ இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு புள்ளிகளுடன் பதிந்திருக்கின்றன. பெர்னார்ட் லீச் தன் கையால் செய்ததா?
— வாசகர், குரோய்டன்

அது செயின்ட் ஐவ்ஸில் உள்ள லீச் பட்டறையின் முத்திரை. ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமடாவும் 1920-இல் கார்ன்வாலில் தொடங்கிய பட்டறை அது. அங்கே வேலை செய்த எல்லாருடைய பண்டங்களிலும் இந்த முத்திரை விழும். லீச் தானே வனைந்தவற்றில் இதோடு 'பி.எல்.' என்ற அவருடைய சொந்த முத்திரையோ, தூரிகையால் எழுதிய அல்லது கீறிய அதே எழுத்துகளோ சேர்ந்திருக்கும். அவர் மனைவி ஜேனட் லீச்சின் சாடிகளில் 'ஜே.எல்.', பட்டறையில் வேலை செய்த வில்லியம் மார்ஷலின் சாடிகளில் 'டபிள்யூ.எம்.' இருக்கும்.

பட்டறை முத்திரை மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது 'ஸ்டாண்டர்ட் வேர்'. 1930-களின் இறுதியிலிருந்து 1979 வரை, பயிற்சியாளர்களும் உதவியாளர்களும் அளவு பார்த்து வனைந்த அன்றாடப் பாத்திர வரிசை அது. குறைத்து மதிப்பிட வேண்டாம். நல்ல டென்மோகு கிளேஸ் (இரும்பு சேர்ந்த, கறுப்பும் பழுப்புமான கண்ணாடிப் பூச்சு) போட்ட ஸ்டாண்டர்ட் வேர் சாடி 12 பவுண்டுக்குக் கிடைத்தால் நல்ல கொள்முதல்தான்.

முத்திரையை நம்புவதற்கு முன் சாடியைக் கவிழ்த்து, கிளேஸ் போடாத அடிவளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஸ்டோன்வேர் சுமார் 1250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடப்பட்டிருப்பதால் சொட்டு அப்படியே நிற்கும். எர்த்தன்வேர் சில நொடிகளில் உறிஞ்சிவிடும். லீச் பட்டறை தொடக்கத்தில் குறைந்த வெப்பத்தில் சுட்ட, களிக்குழம்பு பூசிய எர்த்தன்வேரும் செய்தது. எனவே உறிஞ்சினாலே போலி என்று சொல்ல முடியாது. ஆனால் டென்மோகு கிளேஸ் போட்ட சாடியின் அடி உறிஞ்சினால் ஏதோ சரியில்லை.

அடுத்து தேய்மானம். பல பத்தாண்டுகள் அலமாரியில் இருந்த சாடியில் வளையத்தின் மேடான இடங்கள் மட்டும், பல திசைகளில், மெல்லத் தேய்ந்திருக்கும். கோடுகள் ஒரே திசையில் ஓடினால் யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சிறை ஒன்றின் மட்பாண்ட வகுப்பில் கைதிகள் செய்த 'லீச்' பானைகள் ஏல அரங்குகள் வரை போய் விலையும் போயின. முத்திரையைப் போலி செய்ய ஒரு துண்டுக் களிமண்ணும் ஓர் ஊசியும் போதும். உடலின் எடை, அடி சீவிய விதம், கிளேஸ் நிற்கும் விளிம்பு ஆகியவற்றைச் சேர்த்துப் போலி செய்வதுதான் கடினம்.

மாதுளை வடிவம் போட்ட மூர்கிராஃப்ட் சாடி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. கோடுகள் மேடாகத் தெரிகின்றன. அசல்தானா, எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, லெஸ்டர்

முதலில் அந்த மேட்டுக்கோடு எப்படி வருகிறது என்று பார்ப்போம். சாடி இன்னும் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் வடிவத்தைப் படியெடுக்கிறார்கள். பிறகு நீர்த்த களிக்குழம்பைச் சிறு பையில் நிரப்பி, மருதாணிக் கூம்பைப் பிழிவதுபோல நுண்ணிய முனை வழியே அந்தக் கோடுகளின்மேல் பிழிகிறார்கள். இதுதான் டியூப்லைனிங். கோடு கரைபோல நிற்க, நடுவில் உள்ள பள்ளங்களில் உலோக ஆக்சைடு வண்ணங்களை நிரப்பி, சுட்டு, மேலே கண்ணாடி போன்ற கிளேஸ் கொடுத்து மறுபடி சுடுகிறார்கள்.

கையால் பிழிந்த கோட்டுக்குச் சில அடையாளங்கள் உண்டு. தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சிறு குமிழ் இருக்கும், தடிமன் ஓரிடத்தில் போல இன்னோரிடத்தில் இருக்காது, கோடு அறுந்த இடத்தில் பக்கத்து வண்ணம் கசிந்திருக்கும். அச்சில் வார்த்த போலியில் கோட்டின் இருபுறமும் மழுங்கி, தடிமன் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். படங்களை மட்டும் பார்க்கிறீர்கள் என்றால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும் நெருக்கப் படம் ஒன்றை ஏலக்காரரிடம் கேளுங்கள். கேட்டால் அனுப்புவார்கள்.

காலத்தைச் சொல்ல அடிப்பாகம் உதவும். வில்லியம் மூர்கிராஃப்ட் 1897-இல் ஜேம்ஸ் மக்கின்டயர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே செய்தவற்றில் மக்கின்டயரின் அச்சு முத்திரையோடு அவருடைய பச்சைக் கையெழுத்து இருக்கும். மாதுளை வடிவம் 1910 வாக்கில் வந்தது. எனவே மக்கின்டயர் முத்திரையோடு மாதுளைச் சாடி கிடைத்தால் அது முதல் சில ஆண்டுகளுக்குள் வரும். 1913-இல் கோப்ரிட்ஜில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு 'மூர்கிராஃப்ட் பர்ஸ்லம்' என்றும், பின்னர் 'மேட் இன் இங்கிலாந்து' என்றும் அழுத்திப் பதித்தார்கள். கையெழுத்து பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது 1920-களை ஒட்டி.

1928-இல் மேரி ராணியின் அரச அங்கீகாரம் கிடைத்தது. அதற்குப் பிந்தைய சாடிகளில் அதைக் குறிக்கும் வாசகம் உண்டு. காகித ஒட்டில் 'மறைந்த மேரி ராணி' என்று இருந்தால், அவர் இறந்த 1953-க்குப் பிந்தையது. வில்லியம் 1945-இல் இறந்ததும் மகன் வால்டர் பொறுப்பேற்றார். அப்பா, மகன் இருவருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே என்பதால் 'டபிள்யூ.எம்.' என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முத்திரையின் குறுக்கே ஒரு கீறலோ வெள்ளிநிறக் கோடோ ஓடினால், தொழிற்சாலையே இரண்டாந்தரம் என்று ஒதுக்கியது அது. வாங்கக் கூடாது என்றில்லை, முதல்தர விலை கொடுக்கக் கூடாது.

அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருக்கும் சாடியை விக்டோரியா காலத்தது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
— வாசகர், டொராண்டோ

வேண்டாம். அமெரிக்காவின் சுங்கச் சட்டம் காரணமாக 1891 முதல் ஏற்றுமதிப் பண்டங்களில் 'இங்கிலாந்து' என்ற பெயர் பரவலானது. 'மேட் இன்' சேர்ந்து வருவது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில்தான். விக்டோரியா 1901-இல் இறந்தார்.

பில்கிங்டன் நிறுவனத்தின் 'லான்காஸ்ட்ரியன்' லஸ்டர் சாடி ஒன்று வீட்டில் இருக்கிறது. பொன்னிற மினுக்கம் மங்கித் தெரிகிறது. எதைக் கொண்டு துடைக்கலாம்?
— வாசகி, மான்செஸ்டர்

எலுமிச்சை, வினிகர், பாத்திரம் தேய்க்கும் பவுடர், பித்தளைப் பாலிஷ் எதையும் தொடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கமே போக வேண்டாம். லஸ்டர் என்பது கிளேஸின் மேற்பரப்பில் படிந்திருக்கும் மிக மெல்லிய வெள்ளி அல்லது செம்புப் படலம். கிளேஸ் சுட்டு முடித்த சாடியின்மேல் உலோக உப்பைக் காவிமண்ணோடு குழைத்து வரைந்து, மறுபடி 600 முதல் 700 டிகிரி அளவில், புகை நிறைந்த, ஆக்சிஜன் குறைந்த சூளையில் சுடுவார்கள். ஆறிய பின் காவியைத் துடைத்தால் உலோகம் மட்டும் தங்கும். அமிலமோ உராய்வோ அதை நேராக எடுத்துவிடும். திரும்பப் போட வழியில்லை.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் சமையல் புகையும் தூசியும்தான். மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு, மூன்று சொட்டு மென்மையான சோப்புத் திரவம் கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, சிறு பகுதியாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். பிறகு சுத்தமான நீரில் நனைத்த பஞ்சு, அதன்பின் காய்ந்த பருத்தித் துணி. கிளேஸில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் சாடியை நீரில் அமிழ்த்தவே வேண்டாம். வெடிப்பு வழியே அழுக்கு நீர் உள்ளே இறங்கிப் பழுப்புக் கோடாக நின்றுவிடும்.

கவிழ்த்தும் பாருங்கள். 'பி' எழுத்தும் இரண்டு தேனீக்களும் ரோம எண்ணும் இருந்தால், அந்த எண்தான் ஆண்டு: 'ஏழு' என்றால் 1907. 1913 முதல் பெயர் 'ராயல் லான்காஸ்ட்ரியன்' ஆனது. ஓவியர் குறியும் தேடுங்கள். பின்னிப் பிணைந்த நான்கு அரிவாள்கள் கார்டன் ஃபோர்சைத்தின் குறி. ரிச்சர்ட் ஜாய்ஸ், வில்லியம் மைகாக் போன்றோர் தங்கள் எழுத்துகளைக் கோத்துப் போட்டார்கள். ஓவியர் குறி உள்ள சாடிக்கும் இல்லாத சாடிக்கும் விலை பல மடங்கு வேறுபடும்.

ஒட்டி, வண்ணம் பூசிச் சரிசெய்த சாடியைக் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஹாரோ

கையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டான மூலையில் வாய் விளிம்பு, கழுத்து, கைப்பிடி சேரும் இடம் மூன்றையும் பாருங்கள். பல பிசின்களும் வார்னிஷ்களும் கிளேஸிலிருந்து வேறாக ஒளிரும். புதிய பிசின்கள் சில ஒளிராமல் தப்பிவிடும், ஆகவே டார்ச்சோடு நிறுத்தாதீர்கள். விரல் நகத்தை விளிம்பைச் சுற்றி ஓட்டுங்கள். கிளேஸ் குளிர்ச்சியாக, கடினமாக இருக்கும். பூசிய இடம் சற்று வெதுவெதுப்பாக, வழுவழுப்பாகப் படும். நகத்தால் தட்டினால் முழுச் சாடி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். கனமாகக் கையால் கட்டிய சாடிகள் இயல்பிலேயே மந்தமாகத்தான் ஒலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லா விரிசலும் சேதம் அல்ல. சூளையில் வந்த விரிசலுக்கு ஓரம் உருண்டிருக்கும், கிளேஸ் உள்ளே ஓடியிருக்கும். வனைந்தபோது அடிமண்ணைச் சரியாக அழுத்தாவிட்டால், காயும்போது அடியில் 'எஸ்' வடிவ வெடிப்பு வரும். அது பிறவிக் குறை. நிலையாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். பின்னால் விழுந்த விரிசல் கூராக, உள்ளே அழுக்கேறிய கோடாக இருக்கும், அது நீளும்.

அடியில் சுத்தமான வட்டத் துளை இருந்தால் யாரோ விளக்காக மாற்றியிருக்கிறார்கள். சில சாடிகளுக்குத் தொழிற்சாலையிலேயே துளை விட்டிருப்பார்கள். அதன் உள்விளிம்பில் கிளேஸ் இருக்கும். பின்னால் துளைத்ததில் வெறும் மண்தான் தெரியும். அப்படியானால் விலை பாதிக்குக் கீழே இறங்க வேண்டும்.

லூசி ரீ, ஹான்ஸ் கோப்பர் போன்ற புகழ்பெற்ற குயவர்களின் சாடிகளின் விலை எட்டவில்லை. சம்பளக்காரர் எங்கே தொடங்குவது?
— வாசகர், கோயம்புத்தூர்

வேக்ஃபீல்டில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்த டபிள்யூ. ஏ. இஸ்மே நூலகராக வேலை பார்த்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து 500-க்கும் மேற்பட்ட கலைஞர்களின் 3,600-க்கும் அதிகமான பானைகளைச் சேர்த்தார். 2001-இல் அவர் இறந்தபின் அவை யார்க் நகரக் கலைக்கூடத்துக்குப் போயின. அவர் வாங்கியது பெரும்பாலும் உயிரோடு இருந்த, அன்று வேலை செய்துகொண்டிருந்த கலைஞர்களிடம். இன்றும் அதுதான் மிகச் சிறந்த வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. நேரே பட்டறையில் வாங்கினால் போலிப் பயம் இல்லை, எந்தக் கிளேஸ், எந்தச் சூளை என்று கேட்டு எழுதியும் வைக்கலாம்.

பழையவை வேண்டுமானால் வின்ச்கோம்பைப் பாருங்கள். மைக்கேல் கார்டியூ 1926-இல் தொடங்கி, 1946 முதல் ரே ஃபின்ச் நடத்திய பட்டறை. கோத்த 'டபிள்யூ.பி.' அதன் முத்திரை. பெர்னார்டின் மகன் டேவிட் லீச் 1955-இல் போவி டிரேசியில் அமைத்த லோயர்டவுன் பட்டறையின் அன்றாடப் பாத்திரங்களும் இன்னும் கைக்கெட்டும் விலையில் வருகின்றன.

அலங்காரச் சாடிகளில் எங்கள் தேர்வு ஸ்மெத்விக்கின் ரஸ்கின் பாட்டரி. வில்லியம் ஹௌசன் டெய்லர் தன் அப்பா எட்வர்ட் டெய்லரோடு 1898-இல் தொடங்கியது. பெரும்பாலும் பெயரோடு ஆண்டும் பதிந்திருக்கும் என்பதால் புதியவர்களுக்கு எளிது. பட்டறையை மூடியபோது அவர் கிளேஸ் குறிப்புகளை அழித்துவிட்டார். அதிவெப்பத்தில் சுட்ட சிவப்பு, ஊதாச் சாடிகள் விலை அதிகம். ஒற்றை நிறம் மெல்ல மாறும் 'சூஃப்ளே' வகை மலிவு, அழகிலும் குறைவில்லை.

ரீயையும் கோப்பரையும் வாங்க முடியாவிட்டாலும் பார்க்காமல் இருக்காதீர்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ரீயின் பட்டறையையே மீண்டும் அமைத்து வைத்திருக்கிறார்கள். பச்சை மண்ணின்மேல் நேரடியாகக் கிளேஸ் பூசி, மின்சூளையில் ஒரே முறை சுட்டவர் அவர். மாங்கனீஸும் செம்பும் விளிம்பிலிருந்து வெண்கல நிறத்தில் வழிவதை அருகில் நின்று பார்த்தால் உங்கள் கண் பழகிவிடும்.

ஏலத்தில் கேட்கும்போது ஒன்று: சுத்தியல் விலையோடு, அதாவது ஏலம் முடிந்த விலையோடு, 20 முதல் 30 சதவீதம் வாங்குவோர் கட்டணமும் அதற்கு வரியும் சேரும். இந்தியாவுக்கு அனுப்புவதானால் சரக்குக் கட்டணமும் சுங்கமும் தனி. கூட்டிப் பார்த்த பிறகே உச்ச விலையை எழுதுங்கள்.

டிரோய்காவும் ஸ்டூடியோ பாட்டரிதானா?
— வாசகி, கார்டிஃப்

கார்ன்வாலில் இருந்த டிரோய்கா பட்டறையின் சாடிகள் சக்கரத்தில் வனைந்தவையல்ல, அச்சில் வார்த்தவை. அலங்காரம் மட்டும் கைவேலை. 1963-இல் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கி, 1970-இல் நியூலினுக்கு மாறி, 1983-இல் மூடினார்கள். 'செயின்ட் ஐவ்ஸ்' என்று இருந்தால் 1970 வரையிலானது. வண்ணம் தீட்டியவரின் எழுத்துகளும் அடியில் இருக்கும். மூலைகளில் சில்லுப் போயிருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள், பெட்டி வடிவச் சாடிகள் அடிபடுவது அங்கேதான்.

சாடியைத் தபாலில் வரவழைக்கிறேன். விற்பவரிடம் எப்படிக் கட்டச் சொல்வது? வந்தபின் பூ வைக்கலாமா?
— வாசகி, சிங்கப்பூர்

இரட்டைப் பெட்டி கேளுங்கள். சாடியை முதலில் அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்ற வேண்டும். குமிழ் உறையை நேராக லஸ்டர்மேல் சுற்றினால் வெப்பத்தில் தடம் பதியலாம். ஒட்டுநாடா சாடியில் படவே கூடாது, உரிக்கும்போது லஸ்டரையும் பொன் பூச்சையும் கொண்டு வந்துவிடும். உள்ளே காகிதத்தைத் தளர்வாக நிரப்பலாம், திணிக்கக் கூடாது. மூடி இருந்தால் தனியாகச் சுற்ற வேண்டும். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. திண்டு இருக்க வேண்டும். குலுக்கினால் எதுவும் அசையக் கூடாது. பிரிக்கும்போது படம் எடுத்துக்கொண்டே பிரியுங்கள், சேதம் இருந்தால் இழப்பீடு கேட்க அதுவே சான்று.

ஸ்டோன்வேர் சாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கலாம். முதலில் ஓர் இரவு தட்டின்மேல் நீர் நிரப்பி வைத்து, அடி ஈரமாகிறதா என்று பாருங்கள். எர்த்தன்வேரில், அதுவும் கிளேஸ் வெடித்திருந்தால், நேராக ஊற்றாமல் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி அதில் பூ வையுங்கள்.