லுட்டீசியம் சிகிச்சையின்போது மனைவியின் இடம்

அன்புச் சகோதரிக்கு,

மகனோடு வாழவென்று நீங்கள் இருவரும் இந்நாட்டுக்கு வந்து பத்து மாதங்களே ஆகின்றன என்றும், எலும்புகளுக்குப் பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய்க்காக உங்கள் கணவருக்கு அடுத்த மாதம் லுட்டீசியம் என்னும் கதிர்மருந்தைச் செலுத்தவிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மொழி தெரியாததால் மருத்துவமனையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறெதற்கும் பயன்படவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கும் வீட்டில் கணவருக்கு அருகிலிருந்து பணிவிடை செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் கணவர் இதே சிகிச்சையின் 6 தவணைகளையும் முடித்து 14 மாதங்கள் ஆகின்றன. நான் இங்கே 22 ஆண்டுகளாக வாழ்பவள். ஆயினும் முதல் தவணையின்போது உங்களைப் போலவே திகைத்துப்போய்த்தான் இருந்தேன்.

அந்த மருந்து என்ன செய்கிறது என்பது விளங்கிய பிறகே என் அச்சம் ஓர் அளவுக்குள் வந்தது. புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்னும் புரதம் மிகுதியாக இருக்கிறது. அதைத் தேடிச்சென்று பற்றிக்கொள்ளும் ஒரு மூலக்கூறோடு கதிரியக்கம் கொண்ட லுட்டீசியம்-177ஐப் பிணைத்து, கையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக உடலுக்குள் செலுத்துகிறார்கள். அதிலிருந்து வெளிப்படும் பீட்டாத் துகள்கள் திசுவுக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் தொலைவுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், சேதம் பெரும்பாலும் புற்றணுக்களுக்கும் அவற்றை ஒட்டிய இடத்துக்குமே நேர்கிறது. உங்கள் கணவருக்கு முன்னதாக எடுத்த பெட் ஸ்கேன், அவருடைய கட்டிகளில் அந்தப் புரதம் உள்ளதா என்பதை அறிவதற்கானது. வழக்கமாக 6 வாரங்களுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 6 தவணைகள் தருகிறார்கள். இந்நோய்க்கு வழக்கமாகப் போடும் ஹார்மோன் ஊசி இதோடு நின்றுவிடுவதில்லை. அதுவும் பெரும்பாலும் தொடரும்.

இது நோயை வேரோடு அகற்றும் சிகிச்சை அல்ல. நோயின் வேகத்தைத் தடுத்து, வலியைக் குறைத்து, காலத்தை நீட்டிக்க முயலும் சிகிச்சை. இதை உங்கள் கணவர் அறிவாரா என்பது உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. மகன்தான் மொழிபெயர்க்கிறார் என்று எழுதியிருப்பதால்தான் கேட்கிறேன். எங்கள் வீட்டில் மகள் மொழிபெயர்த்தாள். எனக்கு அன்றாடப் பேச்சு தெரியுமே தவிர மருத்துவர் பேசும் மொழி பிடிபடாது; என் கணவருக்கு அதுவும் குறைவு. இரண்டாவது தவணை முடிந்த பிறகு ஒருநாள் அவர் மகளிடம், “மருத்துவர் அவ்வளவு நேரம் பேசினாரே, நீ இரண்டு வரிதானே சொன்னாய்?” என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அப்பாவிடம் சொல்ல வாய் வராத சொற்களையெல்லாம் அவள் மாதக்கணக்கில் தன்னிடமே வைத்திருந்தாள் என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த முறை மருத்துவமனையிடமே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டோம். தொலைபேசி வழியாக ஒருவர் கிடைத்தார். என் கணவர் தாமாகவே, “இது என்னைக் குணமாக்குமா?” என்று கேட்டார். ஆகாது என்ற பதில் தமிழில் வந்தபோது அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இரவில் இடுப்பு வலியில்லாமல் தூங்க முடியுமா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கு அவர்களிடம் தருவதற்கு நிறையப் பதில்கள் இருந்தன. வலி நிவாரணத்துக்கென்றே இருக்கும் குழுவிடம் அன்றே அனுப்பினார்கள். மகள் அந்த அறையில் முதன்முறையாக வெறும் மகளாக, அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆகவே, முதல் தவணைக்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். மகனை நம்பாததால் அல்ல, அவர் மகனாக இருப்பதற்கு வழிவிடுவதற்காகவே கேட்கிறோம் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி, அருகில் இருப்பது பற்றி. லுட்டீசியத்திலிருந்து சிறிதளவு காமாக் கதிரும் வெளியேறுவதால்தான் வீட்டாருக்கு விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 2022இல் அனுமதி தந்தபோது வகுத்த வழிகாட்டுதலின்படி, வீட்டாரோடு 2 நாட்களுக்கும், குழந்தைகள், கர்ப்பிணிகளோடு 7 நாட்களுக்கும் மூன்றடிக்குள் நெருங்குவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களிடமிருந்து 3 நாட்களும், குழந்தைகளிடமிருந்து 7 நாட்களும், கர்ப்பிணியிடமிருந்து 15 நாட்களும் தனி அறையில் உறங்க வேண்டும். உங்கள் மருத்துவமனை தரும் நாட்கணக்கு இதிலிருந்து மாறலாம். அவர்கள் எழுதித் தருவதையே பின்பற்றுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே தெரிவியுங்கள்.

இது தொற்று அல்ல. தூரம் இரு மடங்கானால் கதிரின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது என்று செவிலியர் விளக்கியதைக் கேட்ட பிறகு, அவருடைய கட்டிலிலிருந்து இரண்டு மீட்டரை அளந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். உணவுத் தட்டைக் கொண்டுபோய் வைப்பதற்கும், தலையணையைச் சரிசெய்வதற்கும் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் நாற்காலிக்குத் திரும்பிவிடலாம். மருந்தின் பெரும்பகுதி முதல் சில நாட்களில் சிறுநீரோடு வெளியேறுவதால், நிறைய நீர் அருந்தி, அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள்; உட்கார்ந்தே கழிக்க வேண்டும், இருமுறை நீர் பாய்ச்ச வேண்டும். அவருடைய துணிகளைத் தனியே துவையுங்கள். சிறுநீர் பட்ட எதையும் கையுறை அணிந்தே தொடுங்கள். அந்நாட்களில் மருமகளுக்கு வேறு கழிப்பறை இருந்தால் மிக நல்லது. இவற்றையெல்லாம் மருந்து செலுத்திய பிறகு சொல்லத் தொடங்கினால், தன்னை ஒதுக்குகிறார்கள் என்று நோயாளிக்குத் தோன்றிவிடும். என் கணவருக்கு அப்படித்தான் தோன்றியது. முதல் இரவு கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார். இரண்டாவது தவணைக்கு முன் இருவரும் உட்கார்ந்து, எந்த நாளில் எங்கே யார் உறங்குவது என்று சேர்ந்தே தீர்மானித்தோம். அதன்பின் கதவு திறந்தே இருந்தது.

உங்களால் ஆகாது என்று நீங்கள் நினைக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு இந்நாட்டு மொழியே தேவையில்லை. ஒரு குறிப்பேட்டில் தினமும் அவர் எப்படி இருந்தார் என்று தமிழிலேயே எழுதுங்கள். இந்த மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சேர்வதால் வாய் வறளலாம். களைப்பும் குமட்டலும் வரலாம். முதல் சில நாட்களில் எலும்பு வலி சற்றே கூடிப் பிறகு தணிவதும் உண்டு. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படுவதால் இரத்த அணுக்கள் குறையக்கூடும். என் கணவருக்கு இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்து ஐந்தாவது தவணை 3 வாரங்கள் தள்ளிப்போயிற்று. பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது என்று நான் எழுதி வைத்திருந்ததையே மருத்துவர் முதலில் கவனித்தார். காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, முதுகெலும்பிலுள்ள கட்டி தண்டுவடத்தை அழுத்தக்கூடும் என்பதால் அந்த நிமிடமே அவசர உதவியை அழைக்க வேண்டும். அதற்கான எண்ணையும், இந்நாட்டு மொழியில் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களையும் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கருகே ஒட்டி வையுங்கள். நான் ஒட்டியிருந்தேன்.

ஊருக்குப் போய் உறவினரைப் பார்க்க அவர் விரும்பினால், விமான நிலையக் கதிர்க்கருவிகள் பல வாரங்களுக்குப் பிறகும் ஒலிக்கலாம். சிகிச்சை விவரம் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு தவணைகளில் நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ என்னும் புரதத்தின் அளவு என் கணவருடைய இரத்தத்தில் நன்றாக இறங்கியது. இப்போது மெல்ல ஏறத் தொடங்கியிருக்கிறது. இடுப்பு வலி திரும்பவில்லை. எல்லோருக்கும் இதே அளவு பலன் கிடைப்பதில்லை என்பதால், உங்கள் கணவருக்கு எப்படியிருக்கும் என்று என்னால் சொல்ல இயலாது.

கடிதத்தின் கடைசி வரியில், பேரக்குழந்தையை அவர் தூக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஒரு தவணைக்குப் பின் குழந்தைகளுக்கென்று விதித்த விலகல் நாட்கள் கழிந்தால், அடுத்த தவணைவரை அவர் தாராளமாகத் தூக்கலாம். மருமகளுக்குக் குறித்திருக்கும் பேறுகால நாளை இப்போதே மருத்துவக் குழுவிடம் சொல்லிவையுங்கள். அந்த வாரத்தில் தவணை விழாதபடி சில நாட்கள் முன்பின்னாக மாற்ற முடியுமா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் உங்கள் கணவரே கேட்கட்டும்.