மூன்றரை மணி பஸ்ஸும் முதலாண்டு மாணவியும்

கேள்வி: அரூரை அடுத்த கிராமம் எங்களுடையது. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மகள், தருமபுரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பஸ்ஸில் போய் வரவே மூன்று மணி நேரம். “அந்த இடம் எனக்கு ஒத்துவராது, நின்றுவிடுகிறேன்” என்கிறாள். கட்டாயப்படுத்தி அனுப்பலாமா?

பதில்: கட்டாயப்படுத்த வேண்டாம்; நிறுத்தவும் வேண்டாம். ‘படிப்பு ஏறவில்லை’ என்று அவள் சொல்லவில்லை, கவனித்தீர்களா? இடம் ஒத்துவரவில்லை என்கிறாள். முதலாண்டு வகுப்புகளில் பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் பேச்சு இது. சொல்லும் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நம்புகிறது. கெடுதல் செய்வது அந்த நம்பிக்கைதான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘தொடக்கத்தில் எங்களுக்கும் அந்நியமாகத்தான் இருந்தது, போகப்போகச் சரியாயிற்று’ என்று மூத்த மாணவர்கள் கூறியதை முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, தங்கள் அனுபவத்தையும் எழுதச் சொன்னார்கள். சுமார் ஒரு மணி நேர வேலை. அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது.

நமக்கு அதற்கு அரூர் பஸ்ஸே போதும். அதில் மூன்றாம் ஆண்டு அக்காக்கள் வருவார்கள். “முதல் செமஸ்டர் எப்படிப் போயிற்று, அக்கா?” என்று ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அரியர் வைத்துத் தேறிய கதை ஒன்றாவது வரும்.

அடுத்தது ஆங்கிலம். சென்ற ஆண்டு என் செய்முறை வகுப்பில் ஒரு மாணவி பியூரெட் என்ற சொட்டுவிடும் அளவுக் குழாயைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ‘டைட்ரேஷன்’ என்ற சொல் அவளுக்குப் பிடிபடவில்லை. “பள்ளியில் செய்தாயே அம்மா, தரம் பார்த்தல்” என்றேன். உடனே கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, நிறம் மாறும் சொட்டில் மிகச் சரியாக நிறுத்தினாள். வேதியியல் அவள் கையில் இருந்தது, பெயர்தான் மாறியிருந்தது. உங்கள் மகளும் நோட்டின் ஓரத்தில் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதி வரட்டும். பிளஸ் டூ புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ₹1,000 வருகிறதா என்று கல்லூரியில் விசாரியுங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்து தனியாக ஒதுங்கினால் தாமதிக்காமல் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை.

ஆனால் பெரிய காரணம் பஸ் என்றே நினைக்கிறேன். கடைசி வகுப்பு முடியுமுன்பே பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது என்ற பதற்றம். நூலகம், என்.எஸ்.எஸ்., ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது, மரத்தடிப் பேச்சு எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. ஓடிவிடும் பிள்ளைக்கு மூன்று ஆண்டு ஆனாலும் கல்லூரி வெளியூராகவே இருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது அவள் அடுத்த பஸ்ஸில் வரட்டும். இருட்டிவிடுமே என்று அவளும் பயப்படுவாள், வீட்டிலும் பயப்படுவீர்கள். அந்த இரண்டு நாளும் நீங்களே நிறுத்தத்துக்குப் போய் அழைத்து வாருங்கள். வரும் வழியில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். மதியம் யாரோடு சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.