முதலை எந்தப் பக்கம் பார்க்கிறது?

அன்புள்ள அக்கா,

மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குக் கனடாவில் இருந்து அண்ணன், பெரியம்மாவின் மகன், வந்திருக்கிறார். மச்சானுக்குக் கொடுக்கவென்று முதலை போட்ட ரீசேர்ட் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். “இதையெல்லாம் அங்க ஆர் போடுறான்? கட்டம் போட்ட தொப்பி, எழுத்து அடிச்ச கைப்பை, பச்சை குத்தின மாதிரி ரீசேர்ட், இந்த முதலை, எல்லாம் காட்டு உடுப்பு” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எந்தெந்த பிராண்டுகளை ஆட்கள் தரக்குறைவாக நினைக்கிறார்கள்? எதைத் தவிர்க்க வேண்டும்? நகல் உடுப்புப் போடுவது பிழையா? நான் பிரதேச செயலகத்தில் வேலை. கந்தோருக்கு என்ன விலையில் சேர்ட் போட்டால் மதிப்பாக இருக்கும்? கடைக்குச் சாரத்தோடு போகவும் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

கல்முனையிலும் காத்தான்குடியிலும் உடுப்புக்கடைக்குள் ஆட்கள் ஒரு சேர்ட்டை எடுத்தால் முதலில் கொலருக்குள் இருக்கும் லேபலைப் பார்க்கிறார்கள். அடுத்தது விலைச்சீட்டு. துணியை விரலால் தடவிப் பார்க்கிறவர் அருமை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. உங்கள் அண்ணனும் அந்த ஆட்களில் ஒருவர்தான். மற்றவர்கள் லேபலைப் பார்த்து மயங்குகிறார்கள், அவர் லேபலைப் பார்த்துச் சிரிக்கிறார். சேர்ட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் அடுக்கிய பட்டியல் பழைய பட்டியல். கட்டத் தொப்பி பர்பரி என்ற இங்கிலாந்துக் கம்பனியுடையது. அந்தக் கட்டம் 1920களில் மழைக்கோட்டின் உள்பக்கத் துணியாக வந்தது, போட்டிருப்பவருக்குத்தான் தெரியும். பிறகு அதைக் குடை, கழுத்துத்துணி, தொப்பி என்று வெளியே கொண்டுவந்து விற்றார்கள். 2000க்குப் பிறகு இங்கிலாந்தில் உதைபந்து பார்க்கப் போகும் சாதாரண வீட்டுப் பெடியன்கள் அந்தத் தொப்பியைப் போடத் தொடங்கியதும் பணக்காரருக்கு அது கசந்துபோனது. சில மதுக்கடைகள் அந்தக் கட்டம் போட்டவர்களை உள்ளே விடவில்லை. 2004இல் கம்பனியே தொப்பியை நிறுத்தியது. துணியிலோ தையலிலோ ஒரு குறையும் ஒருவரும் சொல்லவில்லை. அதே கம்பனி பின்னாளில் ஒரே கணக்காண்டில் 28.6 மில்லியன் பவுண்டு பெறுமதியான விற்காத சாமான்களை அழித்தது, மலிவு விலையில் கண்டவர் கைக்கும் போய்விடக் கூடாதென்று. ஊர் முழுக்க ஏசிய பிறகு 2018 செப்டம்பரில்தான் அந்தப் பழக்கத்தை விட்டார்கள். இந்தக் கூட்டத்திடம் மதிப்பு வாங்கவா தம்பி நீங்கள் வெட்கப்பட்டீர்கள்?

எழுத்து அடித்த கைப்பை லூயி வித்தோன் என்ற பிரெஞ்சுக் கம்பனியுடையது. அந்த எழுத்துக் கோலம் 1896இல் வந்தது, மற்றவர்கள் பார்த்துச் செய்யாமல் தடுக்கவென்று. இன்று உலகத்திலேயே அதிகம் நகல் எடுக்கப்படும் கோலங்களில் அதுவும் ஒன்று. அதைத் தோல் என்று நினைத்துத் தடவுகிறவர்கள் உண்டு. அது மேலே பூச்சுப் பூசிய பருத்திக் கன்வஸ். பச்சை குத்தின ரீசேர்ட்டின் படங்கள் டொன் எட் ஹார்டி என்ற அமெரிக்கப் பச்சை குத்தும் கலைஞருடையவை. 2000களில் நடிகர்கள் போட்டார்கள், எல்லாரும் போட்டார்கள், பத்து வருடத்துக்குள் கேலியாகிவிட்டது.

முதலைக்கு வருவோம். லகோஸ்ட் என்பது ரெனே லகோஸ்ட் என்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரர் 1933இல் தொடங்கியது. அந்த முதலை, பார்க்கிறவருக்கு வலப்பக்கம் பார்க்கும். சிங்கப்பூரில் 1947இல் தொடங்கிய குரொக்கடைல் என்ற கம்பனியின் முதலை இடப்பக்கம் பார்க்கும். இரண்டும் ஆசிய நாடுகளின் நீதிமன்றங்களில் பல வருடம் மோதியவை. மச்சானின் முதலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அண்ணன் பார்த்தாரா? சிரிக்கவென்று வந்தவர் அதைக்கூடப் பார்க்கவில்லை என்றால் அவருடைய சிரிப்புக்கு என்ன பெறுமதி?

நகல் பற்றிக் கேட்டீர்கள். அடுத்தவன் பெயரைப் போட்டு விற்பது களவு. அதில் பேச வேறொன்றும் இல்லை. கந்தோர்ச் சேர்ட்டுக்கு விலை கேட்டீர்கள். விலையை விடுங்கள். சேர்ட்டை உட்பக்கம் திருப்புங்கள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

முதலில் பக்கத் தையல், கையிடுக்கில் இருந்து கீழே இறங்கும் அந்த நீண்ட தையல். அங்குல நாடாவை வைத்து ஒரு அங்குலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பன்னிரண்டு, பதினான்கு பரவாயில்லை. பதினெட்டுக்கு மேலே போனால் ஆற அமரத் தைத்திருக்கிறார்கள். தையல் நீளமாக இருந்தால் இயந்திரம் விரைவாக ஓடி முடிக்கும், நூலும் மிச்சம். கூலி குறைக்கும் இடம் அதுதான். துணியின் ஓரம் உள்ளே மடிந்து இரண்டு வரித் தையலுக்குள் மறைந்திருந்தால் நல்லது. ஓரத்தைச் சுற்றி ஓடும் ஓவர்லொக் தையல் மட்டும் போட்டு ஓரம் பிசிறாகத் தெரிந்தால், கையிடுக்கில்தான் முதலில் விடும்.

அடுத்தது கொலர். கொலருக்குள் பசை பூசிய ஒரு துணி இருக்கும், சூடும் அழுத்தமும் கொடுத்து அதை மேல்துணியோடு ஒட்டுகிறார்கள். சூடு போதாவிட்டால் ஏழெட்டுத் தோய்ச்சலில் பசை விட்டுக் கொலர் முழுக்கக் கொப்புளம் போடும். சூடு கூடினால் பசை மேல்துணிக்கு ஊறி, வெள்ளைச் சேர்ட்டில் எண்ணெய் பட்டதுபோல் தெரியும். துணி சுருங்கி உள்ளே உள்ளது சுருங்காவிட்டாலும் கொப்புளம்தான். கடையில் கொலரின் இரண்டு பக்கத் துணியையும் இரு விரலால் பிடித்து எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். கடதாசிபோல் சரசரத்தாலோ ஒரு இடத்தில் மட்டும் கழன்று நின்றாலோ வேண்டாம். அயன் பண்ணிச் சரிசெய்யலாம் என்பார்கள். கொப்புளம் போட்ட கொலரை வீட்டு அயனில் திருத்த முடியாது, ஒரு நாளைக்கு அடங்கி அடுத்த தோய்ச்சலில் திரும்ப வரும்.

பொத்தானின் பின்பக்கம் நூல் முனை ஒன்று தொங்கினால் கவனம். ஒற்றை நூல் சங்கிலித் தையலில் தைத்த பொத்தான் அந்த முனையை இழுத்தால் ஒரேயடியாகக் கழன்று வரும். இது மலிவுச் சேர்ட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள். வாங்கிய அன்றே ஊசி நூல் எடுத்து ஒவ்வொரு பொத்தானுக்கும் நாலு குத்துக் குத்தி முடிச்சுப் போடுங்கள்.

கட்டச் சேர்ட் என்றால் முன்பக்கம் பொத்தான் பூட்டியதும் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் நேராகச் சேர வேண்டும். பொக்கட்டின் கட்டம் நெஞ்சுக் கட்டத்தோடு பொருந்த வேண்டும். அப்படிப் பொருத்தி வெட்டத் துணி கூடுதலாகப் போகும். அதனால்தான் பலர் பொருத்துவதில்லை. பெரிய பெயரும் பொருந்தாத பொக்கட்டும் ஒரே சேர்ட்டில் இருந்தால், நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று விளங்கும்.

துணி என்ன துணி? பக்கத் தையலுக்கு உள்ளே இருக்கும் துணி ஓரத்தில் இருந்து (தையல் நூலை அல்ல) ஒரு இழையை உருவி நெருப்புக் குச்சியில் காட்டுங்கள். வீட்டில் செய்யுங்கள், கடைக்குள் செய்யாதீர்கள். பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து விரலால் தேய்க்கச் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிபடும். இரண்டும் கலந்த துணி எரியும், முனையில் சின்னதாய் ஒரு மணியும் நிற்கும். பருத்தி தன் நிறையில் எட்டு வீதத்துக்கு மேல் ஈரம் பிடித்துவைக்கக் கூடியது, பொலியெஸ்டர் அரை வீதம்கூடப் பிடிக்காது. சித்திரை வெயிலில் கந்தோர் மின்விசிறிக்குக் கீழே முதுகோடு ஒட்டிக்கொள்ளும் சேர்ட் எது என்று இனி உங்களுக்கே தெரியும். ஆனால் கலப்புத் துணி கசங்காது, விரைவாகக் காயும். பஸ்ஸில் இடிபட்டுப் போகிறவருக்கு அது குறை இல்லை. தூய பருத்திதான் உயர்வு என்று பேசுகிறவர்களின் வீட்டில் அயன் பண்ண வேறு ஆள் இருக்கும்.

ரீசேர்ட்டுக்கு வேறு கணக்கு. பின்னல் துணியில் மேலிருந்து கீழே மெல்லிய வரிகள் ஓடும், கண்ணுக்குக் கிட்டப் பிடித்தால் தெரியும். அந்த வரி பக்கத் தையலுக்குச் சமாந்தரமாக இல்லாமல் சரிந்து போனால், இரண்டு தோய்ச்சலில் பக்கத் தையல் முறுகி வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். நூலில் மிஞ்சிய முறுக்குத் தண்ணீரில் விடுபடுவதால் வரும் கோளாறு அது, அயனுக்கு மசியாது. நெஞ்சில் அச்சடித்த படத்தை இரு கையாலும் மெதுவாக இழுங்கள். மயிர்வெடிப்பு விட்டால் மையைச் சூட்டில் சரியாக வேகவைக்கவில்லை. கடும் சிவப்பு, கறுப்பு, கருநீலம் என்றால் நனைத்த வெள்ளைக் கைலேஞ்சியால் உட்பக்கத்தில் பத்துத் தரம் தேய்த்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று அம்மாமார் சொல்வதை நம்ப வேண்டாம். பிடிக்காத சாயத்தை உப்புப் பிடித்துவைக்காது. தனியாகப் பச்சைத் தண்ணீரில் தெளியும்வரை அலசுவதுதான் வழி.

தொழிற்சாலை குறை கண்டு ஒதுக்கி, லேபல் வெட்டி விற்கும் ரிஜெக்ட் உடுப்பைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த நாட்டில் 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதித் தொழில் வலயம் வந்தது, 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. விக்டோரியாஸ் சீக்ரட்டும் நைக்கும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும் இங்கே தைபட்டுப் போகின்றன. உங்கள் அண்ணன் ரொறொன்ரோவில் காசு கொடுத்து வாங்குவதில் ஒன்றிரண்டு இங்கே தைத்ததாகவும் இருக்கும். விடியக் காலையில் கம்பனி பஸ் ஏறும் பிள்ளைகளிடம் அவர் சேர்ட்டைத் திருப்பிக் காட்டினால், எந்த இடத்தில் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ரிஜெக்ட் வாங்கும்போது ஏன் ஒதுக்கினார்கள் என்று தேடுங்கள். எண்ணெய்ப் பொட்டு, சைஸ் மாறிய லேபல், கைத்துணிக்கும் உடல்துணிக்கும் நிறத்தில் சின்ன வித்தியாசம் என்றால் பாதகமில்லை. தையல் ஓரத்தில் ஊசி குத்திய பொட்டு ஓட்டைகள் இருந்தால் மட்டும் தொடாதீர்கள். மழுங்கிய ஊசி பின்னலின் இழையை வெட்டியிருக்கும், ஒவ்வொரு தோய்ச்சலிலும் அந்த ஓட்டை பெருக்கும்.

சாரத்துக்குக் கூச்சமா? களுவாஞ்சிக்குடியில் இருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால் கொஞ்சத் தூரத்தில் மருதமுனை. 2004 கடல் அழித்த பிறகும் தறிகளைத் திரும்ப நிறுத்திய ஊர். அந்தத் தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சாரம் உடுக்கக் கூச்சம் என்று எழுதுகிறீர்கள். உங்களைப் பிடித்து நாலு ஏச்சு ஏசத்தான் வேண்டும். வெளிநாட்டுச் சீட்டு ஒட்டிய சாரம் என்றால் நெஞ்சை நிமிர்த்துகிறவர், பக்கத்து ஊர்க் கைத்தறியை வீட்டுக்குள் மட்டும் உடுக்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

வாங்குவதையாவது தெரிந்து வாங்குங்கள். சாரத்தின் மறுபக்கத்தைத் திருப்புங்கள். சாயம் போட்ட நூலில் நெய்தது என்றால் இரு பக்கமும் கட்டம் ஒரே கடுமையாக இருக்கும். அச்சடித்தது என்றால் மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள், பிறகு இரு கைக்கும் நடுவில் வைத்துக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் கஞ்சி ஏற்றி நிறை காட்டியிருக்கிறார்கள், ஒரு தோய்ச்சலோடு நுளம்பு வலையாகிவிடும். ஓரம் ஆங்காங்கே கொஞ்சம் ஏறி இறங்கினால் பயப்படாதீர்கள், கையால் நெய்த துணியில் அது இருக்கும்.

வாங்கிய கையோடு மூட்டக் கொடுக்க வேண்டாம். ஒரு இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். சுருங்குவது மூட்ட முன்னமே சுருங்கட்டும். அல்லாவிட்டால் பருத்தித் துணி சுருங்கி, பொலியெஸ்டர் நூல் சுருங்காமல், மூட்டின இடம் நெளிந்து நிற்கும். தையற்காரரிடம் கட்டத்தோடு கட்டம் பொருத்தி மூட்டச் சொல்லுங்கள். “மடிப்புக்குள்ளதானே போகும், ஆர் பார்க்கப் போறா?” என்பார். விடாதீர்கள். மூட்டினதை உட்பக்கம் திருப்பி, தையலை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா