நர்ஸ் வருவது நின்ற பிறகு: கேள்வி பதில்

கேள்வி: இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன அம்மாவுக்குத் தினமும் நர்ஸ் வருகிறார். மாதக் கடைசியோடு நிறுத்துகிறோம். அம்மாவிடம் எப்போது சொல்லலாம்?

பதில்: இன்றைக்கே சொல்லி, காலண்டரில் தேதியைக் குறித்துக் காட்டுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று வருகையைக் குறையுங்கள். நர்ஸ் வராத நாளில் அதே நேரத்துக்கு வீட்டு ஆள் அதே வேலைகளைச் செய்ய வேண்டும். கடைசி நான்கைந்து முறை நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் செய்யட்டும். பல வீடுகளில் மாத்திரை, குளியல், வாக்கர் நடை எல்லாமே நர்ஸ் அடிக்கும் காலிங்பெல்லை நம்பித்தான் நடக்கின்றன. அது நின்றால் நடையும் நிற்கும். தொடைத்தசை இளைத்து மறுபடி விழக்கூடும்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. இன்சுலினைத் தானே போட்டுக்கொள்கிறேன் என்கிறார். விடலாமா, ஐயா?

பதில்: இன்சுலின் பேனாவில் அளவு காட்டும் எண்ணைச் சரியாக வாசிக்கிறாரா, கை நடுங்காமல் அழுத்துகிறாரா என்று நர்ஸ் முன்னிலையில் சில நாள் பார்த்துவிட்டு விடுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி. முதலில் 2 யூனிட் வெளியே தள்ளி மருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். முழுதாக அழுத்திய பின் பத்து எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் கட்டி விழும். அங்கே மருந்து சீராக ஏறாது.

பெரிய ஆபத்து, ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது. வியர்வை, படபடப்பு வந்து சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மாமனாருக்கு யூரின் டியூப் இருக்கிறது. நாங்களே மாற்றலாமா?

பதில்: கூடாது. டியூப் போட்ட தேதி, அளவு, அடுத்து மாற்றும் நாள் மூன்றையும் நர்ஸிடம் எழுதி வாங்குங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. முக்கால் பங்கு நிரம்பும் முன்பே காலி செய்யுங்கள். டியூப் நுழையும் இடத்துக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டால் வேண்டாம், எரியும். சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி. முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் சில சமயம் காய்ச்சல் இருக்காது, திடீர்க் குழப்பம்தான் தெரியும்.

கேள்வி: நர்ஸ் போகிறார் என்று பாட்டி அழுகிறார். "நாளைக்கு வருவாங்க" என்று சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம், தினமும் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார். நர்ஸ் சம்மதித்தால் வாரம் ஒருமுறை போனில் பேசட்டும்.

கேள்வி: காசு கொடுத்து ஆள் வைக்க முடியாது. தமிழ்நாட்டில் அரசு உதவி உண்டா?

பதில்: 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் உண்டு. தினமும் வந்து கவனிப்பார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில், நர்ஸ் வருவது நிற்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள்.