கடிகாரத்தில் 4:48, முடிவுப் பட்டியலில் 4:51: காம்ரேட்ஸ் தகுதிக்கு எது கணக்கு?

காம்ரேட்ஸ் என்பது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே, திசை மாறி மாறி நடக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட்டம். அதைப் பற்றி டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குத் தகுதி பெற ஒரு மராத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சென்ற மாதம் ஓடியபோது என் கடிகாரம் 42.2 கிலோமீட்டரை 4:48:20இல் காட்டிவிட்டது. முடிவுக் கோடோ இன்னும் தள்ளியிருந்தது. கோட்டைத் தாண்டும்போது கடிகாரத்தில் 42.65 கிலோமீட்டர், பட்டியலில் 4:51:24. பாதையைத் தவறாக அளந்துவிட்டார்களா? செயலியின் பதிவை அனுப்பினால் ஏற்பார்களா? 1,500 ரேண்ட் கொடுத்தால் உள்ளே பேசி முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்."

ஏற்க மாட்டார்கள். அந்த 1,500 ரேண்டையும் கொடுக்க வேண்டாம். தகுதிக்குக் கணக்கில் வருவது அங்கீகாரம் பெற்ற ஓட்டத்தின் அதிகாரபூர்வ முடிவு மட்டுமே. கடிகாரப் பதிவு அதற்கு ஈடாகாது.

பாதையில் பிழை இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முறையாக அளக்கும்போது, எஃகு நாடாவால் அளந்த ஒரு நேர்த்துண்டில் சரிபார்த்த எண்ணி பொருத்திய சைக்கிளை, வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டிலேயே ஓட்டிச் செல்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மராத்தானுக்கு ஏறத்தாழ 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். நீங்களோ கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்காக ஒதுங்கி, வளைவுகளை வெளிப்புறமாகச் சுற்றி ஓடியிருப்பீர்கள். உயர்ந்த கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையே செயற்கைக்கோள் சமிக்ஞை சிதறும்போது கடிகாரமும் தன் பங்குக்குச் சில மீட்டர்களைச் சேர்த்துவிடும். மொத்தத்தில் உங்கள் வித்தியாசம் ஒரு விழுக்காட்டைச் சற்றுத் தாண்டுகிறது. நல்ல கடிகாரத்திலும் இது சாதாரணம். எனவே புதுக் கடிகாரம் வாங்கச் சொல்லும் கடைக்காரரின் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் தகுதியைத் தவறவிடக் காரணம் கடிகாரத்தின் வேகக் கணக்கு. அது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 50 வினாடி (6:50) என்று காட்டியதை நம்பி, 42.2 கிலோமீட்டருக்கு 6:52 போதும் என்ற நிம்மதியில் ஓடியிருக்கிறீர்கள். அந்தப் பாதையில் கடிகாரம் அளந்த 42.65 கிலோமீட்டரை 4:50க்குள் முடிக்க 6:48 காட்டியிருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு இரண்டே வினாடிதான், ஆனால் அதுவே தகுதியைப் பறித்தது. அடுத்த ஓட்டத்தில் கிலோமீட்டர்தோறும் கடிகாரம் தானாகச் சுற்றுப் பதிவதை நிறுத்திவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது நீங்களே பொத்தானை அழுத்துங்கள். கையில் நான்கு நேரங்களை எழுதிக்கொண்டால் போதும்: 10ஆம் பலகையில் 1:08, பாதித் தூரத்தில் 2:23:30, 30இல் 3:24, 40இல் 4:32. இப்படி ஓடினால் ஏறத்தாழ 4:47இல் முடிப்பீர்கள்.

நின்றால் தானாக நிறுத்திக்கொள்ளும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். தண்ணீர் மேசையிலும் கழிப்பறையிலும் நின்ற நேரத்தைக் கழித்துவிட்டு, ஓடிய நேரத்தை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுவது செயலிகளின் வழக்கம். போட்டிக் கடிகாரமோ உங்களுக்காக ஒரு வினாடியும் நிற்பதில்லை.

இனி அந்த இடைத்தரகர். இவரைப் போன்றவர்களிடம் நம் ஓட்டக்காரர்கள் ஏமாறுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒருவர் உள்ளே ஆள் இருக்கிறது என்பார். இன்னொருவர் உங்கள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு உங்களுக்காக ஓடித் தருகிறேன் என்பார். மூன்றாமவர் வேறொருவரின் எண் அட்டையை விற்க வருவார். மூன்றும் மோசடி. பிடிபட்டால் நீக்கப்படுவது நீங்கள். பணம் வாங்கியவர் அல்லர். 1999ஆம் ஆண்டு காம்ரேட்ஸில் சகோதரர் இருவர் வழியிலிருந்த கழிப்பறைகளில் ஆள்மாறி ஓடி, ஒன்பதாம் இடத்தையும் பெற்றார்கள். ஒரு படத்தில் கடிகாரம் ஒரு கையிலும் மற்றொரு படத்தில் மறு கையிலும் இருந்ததே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. மேலும், செயலியின் கடவுச்சொல்லை அந்நியரிடம் தந்தால் உங்கள் வீட்டு வாசலையும், விடியற்காலையில் நீங்கள் தனியாக ஓடும் நேரத்தையும் தெருவையும் சேர்த்தே தருகிறீர்கள். வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி செயலியிலேயே உண்டு. இன்றே அதை இயக்குங்கள்.

ஒரே ஒரு நிலையில் உங்கள் பதிவுக்கு மதிப்புண்டு. ஓட்டக்காரரின் நேரத்தைப் பதியும் மின்னணுச் சில்லு பதியாமல் போய், நீங்கள் ஓடி முடித்தும் பட்டியலில் பெயர் வராவிட்டால், அல்லது சில்லைப் படிக்க வழியில் விரித்திருக்கும் பாய்களில் ஒன்றில் நேரம் விழாததால் பாதையைச் சுருக்கிவிட்டீர்கள் என்று சந்தேகித்து நீக்கினால், அப்போது முழுப் பாதையும் தெரியும் பதிவை, முடிவுக் கோட்டருகே எடுத்த படத்தோடும் எண் அட்டையின் படத்தோடும் சேர்த்து, நேரம் பதியும் குழுவுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரே நாளில் எழுத்தில் அனுப்புங்கள். முடிவு அவர்களுடையது, உங்கள் பதிவு துணைச் சான்று மட்டுமே. பட்டியலில் நேரம் விழுந்திருக்கும்போது அதைக் குறைக்க இவ்வழி உதவாது, ஆகவே உங்கள் நிலைக்கு இது பொருந்தவில்லை. இப்படி முறைப்படி கேட்பவர்களுக்கும் வாரக்கணக்கில் பதில் வருவதில்லை என்பது வெட்கக்கேடு. நுழைவுக் கட்டணத்தை நொடியில் வாங்கத் தெரிந்த அமைப்புகளுக்கு ஒரு மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுத ஆள் இல்லை. தரகர்கள் பிழைப்பதே இந்த மௌனத்தில்தான்.

கடிகாரம் கணித்துச் சொல்லும் காம்ரேட்ஸ் நேரத்தையும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலான கணிப்புகள் தட்டையான சாலையையும் குறுகிய தூரங்களையும் வைத்துக் கணக்கிடுகின்றன. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறும் ஆண்டில், 80 கிலோமீட்டர் அளவில், கால்கள் ஓய்ந்த பிறகுதான் பாலி ஷார்ட்ஸ் ஏற்றம் வருகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

தகுதிக் காலம் முடியும் தேதியைக் காம்ரேட்ஸ் தளத்தில் நீங்களே பாருங்கள். விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். காலம் இருந்தால், உடல் தேறக் குறைந்தது நான்கு வாரமாவது இடைவெளி விட்டு, ஏற்றம் குறைந்த இன்னொரு மராத்தானுக்குப் பெயர் கொடுங்கள். அங்கீகாரம் பெற்ற ஓட்டமா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.